எல்லாம் வாத்தியந்தாங்க

பணி ஓய்வு பெற்ற மிருதங்க வாத்தியாருக்கு வாட்ஸ்அப்பில் வருபவை இரண்டு வகை. ஒன்று, காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ. இன்னொன்று, ஏதாவது வம்பு. போன வாரம் வந்தது இரண்டாவது வகை. அனுப்பியவர் பாடாலூர்க்காரர், பெரம்பலூர் இசைப்பள்ளியில் என் இடத்தில் இப்போது மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர். வெளிநாட்டில் பெரிய பெரிய வயலின்காரர்களின் கண்ணை மறைத்து, கோடிக்கணக்கில் விலை போகும் பழைய இத்தாலி வயலினையும் புதிதாகச் செய்த வயலினையும் மாற்றி மாற்றிக் கையில் கொடுத்தார்களாம். எது பழசு, எது புதுசு என்று அவர்களால் சொல்ல முடியவில்லையாம். பல பேருக்குப் புதுசுதான் பிடித்திருந்ததாம். அதற்குக் கீழே அவருடைய கேள்வி: "சார், அப்ப நம்மாளுங்க பழைய வயலின், ஜெர்மன் வயலின்னு அலையறதெல்லாம் சும்மாதானா?"

பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரி தட்டுவேன், அழிப்பேன், மறுபடி தட்டுவேன். அந்தச் சோதனையை நாங்களும் பெரம்பலூரில் செய்திருக்கிறோம். எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு துண்டு, ஒரு போன், கொஞ்சம் சந்தனம். அவ்வளவுதான். ஆனால் நாங்கள் சோதித்தது வயலினை மட்டும் அல்ல என்பது பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அதைச் சொல்லாமல் ஆமாம், இல்லை என்று பதில் போட எனக்கு மனசு வரவில்லை. அதனால் போனை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எனக்கு ஊர் உடையார்பாளையம் பக்கம். முந்திரிக் காடும் கொஞ்சம் மானாவாரியும் உள்ள குடும்பம். எங்கள் வகையறாவில் மேடை ஏறியவர் யாரும் கிடையாது. கோயில் பஜனையில் ஒருவர் வாசித்ததைக் கேட்டு ஆசைப்பட்டு, அப்பாவிடம் ஏச்சு வாங்கி, குருவிடம் கொட்டு வாங்கி, கல்லூரியில் சான்றிதழ் வாங்கி, ஒருவழியாக வேலையும் வாங்கினேன். அந்த வருஷங்களை விரித்து எழுதினால் எனக்கே கொட்டாவி வரும்.

மிருதங்கக்காரனுக்குப் பழசின் மேல் பெரிய மயக்கம் கிடையாது. தோல் போனால் புதுத்தோல். வார் தளர்ந்தால் புது வார். என்னுடைய மிருதங்கம் முப்பது வருஷத்துப் பழசு என்று ஒருவர் பெருமைப்பட்டால், அதில் பலாக்கட்டை மட்டும்தான் பழசு என்று அர்த்தம். வெயில் அடித்தால் ஏறும், மழை பெய்தால் இறங்கும், அன்றன்றைக்குத் தட்டி வழிக்குக் கொண்டுவர வேண்டும். நேற்று எப்படிப் பேசியது என்பது இன்றைக்கு உதவாது.

வயலின்காரர்கள் வேறு ரகம். எங்கள் பக்கத்தில் வயலின் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் ஜெர்மன் என்பார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் ஓர் இத்தாலிக்காரர் பேரில் சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டு இல்லாத வயலினை நான் பார்த்ததே அரிது. அந்த மனுஷர் இத்தனை வயலின் செய்திருந்தால் சாப்பிடவே நேரம் இருந்திருக்காது. பழைய மரம், பழைய நாதம், இப்போது அப்படி யார் செய்கிறார்கள் என்று பெருமூச்சு விடுவார்கள். எனக்கு எங்கள் முந்திரிக் காடு ஞாபகம் வரும். காய்க்காத மரத்தை அப்பா வெட்டி விறகாக்கிவிடுவார். காய்க்கிற மரம் நிற்கும், அதற்கு வயசும் ஆகும். கடைசியில் பார்க்கிறவர்கள், இந்தக் காட்டில் பழைய மரமெல்லாம் என்னமாய்க் காய்க்கிறது என்பார்கள். வயலினிலும் மட்டமானதெல்லாம் என்றைக்கோ அடுப்புக்குப் போயிருக்கும். நல்லதைத்தான் வைத்திருந்திருப்பார்கள். இதை நான் ஆசிரியர் அறையில் சொன்னால், தோலைத் தட்டுகிறவருக்குத் தந்தி எங்கே புரியப்போகிறது என்று கேலி செய்வார்கள்.

அப்படிக் கேலி செய்யாமல் கேட்டுக்கொண்டவர் எங்கள் தலைமையாசிரியர். அவரைப் பெரிய சார் என்போம். வாய்ப்பாட்டுக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது சுருதி விலகினால், ராகம் தடம் மாறினால், தலையைக்கூட ஆட்ட மாட்டார். மெதுவாக, "காபி சாப்டீங்களா?" என்பார். அவ்வளவுதான். அதைக் கேட்டவர்கள் அன்றைக்கு முழுக்கத் தலை நிமிர மாட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் வகுப்புக்கு வாசித்தேன். எனக்குத் தெரியாமலே வேகம் கூடியிருக்கிறது. பாட்டுக்கு நடுவில் என்னைப் பார்த்துக் காபி சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். எவ்வளவு நல்ல மனுஷர் என்று நினைத்து, "ஆச்சுங்க சார்" என்று சிரித்துவிட்டு இன்னும் வேகமாக வாசித்தேன். வகுப்பு முடிந்த பிறகு வீணை டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து அர்த்தம் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் ஒருவருக்கும் ஒரு காபி வாங்கித் தந்ததில்லை என்பது வேறு விஷயம்.

பாராட்டும் அவர் வாயிலிருந்து வராது. வாசிப்பு பிடித்துப்போனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். கண்ணாடி இறங்கியதா என்றுதான் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். எனக்கு ஓரிரு தடவை இறங்கியிருக்கிறது. செண்பகம் டீச்சருக்கு அடிக்கடி இறங்கும்.

செண்பகம் எங்கள் வயலின் டீச்சர். அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். அவருடைய அப்பா அந்த வட்டாரம் முழுக்கத் தெரிந்த வயலின்காரர். கல்யாணம், கோயில் விழா எதுவானாலும் பக்கவாத்தியம் அவர்தான். ஆயுசு முழுவதும் பாடகருக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார், ஒருநாளும் நடுவில் உட்கார்ந்ததில்லை. யாராவது அவரைப் பாராட்டினால் வயலினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எல்லாம் வாத்தியந்தாங்க" என்பார். அடக்கமான மனுஷர். பெண்ணுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தபோதே அதையும் கற்றுக்கொடுத்துவிட்டார். மேடையிலிருந்து இறங்கி வருகிற செண்பகத்திடம் யார் நன்றாக இருந்தது என்று சொன்னாலும், கை தானாக வயலினைத் தொடும்.

அவருடைய அப்பா காலமான பிறகு அந்த வயலின் மகளிடம் வந்தது. கழுத்துக்கு இரண்டு பக்கமும் மேல்பலகையில் மெருகே இருக்காது. வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பி அப்பி, மரம் வெளுத்துப்போய்விட்டது. வயலின் செய்கிறவர்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது திருநீறு பூசிய நெற்றி.

அப்பாவும் பெண்ணும் அப்படிச் சொல்லிச் சொல்லியே ஊர் அதை நம்பிவிட்டது. அரியலூரில் நெல் மண்டி வைத்திருந்த ஒருவர் கோயில் விழாக் கமிட்டியில் முக்கியமானவர். ஒரு கச்சேரி முடிந்ததும் அவர் செண்பகத்திடம், "அந்த வயலின் கைல இருந்தா நான்கூட வாசிப்பேம்மா" என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். செண்பகமும் சிரித்து, வயலினைத் தொட்டு, எல்லாம் வாத்தியந்தாங்க என்று சொல்லிவிட்டு இறங்கினார். எனக்குத்தான் சுருக்கென்றது. இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவன் நான். அந்த அம்மாள் என்ன வாசித்தார் என்று எனக்குத் தெரியும். மண்டிக்காரர் கையில் அதைக் கொடுத்தால் என்ன வரும் என்பதும் தெரியும்.

அதே கமிட்டி ஒரு வருஷம், தை மாத விழாவில் செண்பகத்தைத் தனிக்கச்சேரி வாசிக்கக் கூப்பிட்டது. பக்கவாத்தியமாக அல்ல. நடுவில் உட்கார்ந்து வயலின் மட்டும். அவர் வீட்டில் யாருக்கும் கிடைக்காத இடம் அது. மிருதங்கம் நான். ஐப்பசியிலேயே ஒத்திகை ஆரம்பித்துவிட்டோம். பள்ளி முடிந்ததும் கூடத்தில் உட்கார்ந்து வாசிப்போம், வீட்டுக்குப் போய்க் கேட்பதற்காக என் போனில் பதிவு செய்துகொள்வோம். பிரதான ராகம் காம்போதி. பெரிய சார் வாசற்படிக்கு அருகில் நாற்காலி போட்டுக் கேட்பார். கண்ணாடி இறங்கிக்கொண்டிருந்தது.

கார்த்திகை பிறக்கிற சமயத்தில் அந்தப் பஸ் விவகாரம் நடந்தது. அன்றைக்கு முகூர்த்த நாள். அரியலூரில் ஏறும்போதே நிற்க இடமில்லை. வழக்கமாக வயலின் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வருகிறவர், நசுங்கிவிடுமோ என்று தவித்திருக்கிறார். கண்டக்டர் இரக்கப்பட்டு, இங்கே கொடுங்கள், பத்திரமாக இருக்கும் என்று வாங்கி டிரைவர் பக்கத்தில் இன்ஜின் பானெட் மேல் வைத்துவிட்டார். எங்கள் பஸ்களில் எல்லாரும் எல்லாவற்றையும் அங்கேதான் வைப்பார்கள். பூக்கூடை, சாப்பாட்டு கேரியர், கல்யாணப் பாத்திரம் என்று எதுவும் கெட்டதில்லை. அதனால் இவருக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கிறது. வழியில் ஒரு சிமெண்ட் லாரி பழுதாகிக் குறுக்கே நின்றதில் பஸ் வெகு நேரம் இன்ஜினை ஓடவிட்டபடி நின்றது.

பள்ளிக்கு வந்து பெட்டியைத் திறந்தவர் என்னைக் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. "சார், வாய் தொறந்துடுச்சு சார்." மேல்பலகை ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்குப் பிரிந்திருந்தது. கழுத்து சாய்ந்து, தந்தியெல்லாம் தொங்கிப்போய்க் கிடந்தது. அவர் அழவில்லை. பிரிந்த இடத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார், விட்டால் இன்னும் பிரிந்துவிடும் என்பது போல.

நான்தான் அவரைத் திருச்சிக்கு, வாத்தியம் பழுது பார்க்கிற ஒருவரிடம் கூட்டிப்போனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது பிரிந்ததே நல்லது என்றார். ஆசாரிகள் மரத்துக்குப் போடுகிற வஜ்ஜிரப் பசைதான் வயலினுக்கும். சூடு பட்டால் அது இளகிக் கொடுக்கும். கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தால் மரம் கிழிந்திருக்கும். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, பலகையை எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஒட்ட வேண்டும், உள்ளே நிற்கிற குச்சியை மறுபடி சரியான இடத்தில் நிறுத்த வேண்டும், கார்த்திகை முழுக்க ஆகும் என்றார்.

அதுவரை ஒத்திகைக்குப் பள்ளிக்கூட வயலின். அந்த வருஷம்தான் பிள்ளைகளுக்காக வாங்கியது. மஞ்சள் மஞ்சளாகப் பளபளக்கும். செண்பகம் அதை வேண்டாத விருந்தாளியைப் போலத்தான் நடத்தினார். இன்னும் தச்சுப்பட்டறை வாசனையே போகவில்லை என்பார். ஒப்புக்கு வாசித்தார். பெரிய சாரின் கண்ணாடி ஏறியே இருந்தது.

மார்கழி தொடக்கத்தில் அப்பா வயலின் வந்து சேர்ந்தது. கூடத்தில் உட்கார்ந்து, சுருதி சேர்த்து, காம்போதியில் ஒரே ஒரு பிடி பிடித்தார். வில்லை எடுத்துவிட்டார். மறுபடி அதே பிடி. பிறகு வயலினைத் துணியில் கிடத்திவிட்டு, "அப்பா இல்லீங்க சார் இதுல" என்றார்.

எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதைச் சொன்னேன். உங்களுக்குத் தெரியாது சார், எனக்குத் தெரியும் என்றார். மேல் ஸ்தாயியில் அடைக்கிறதாம், கீழே கனம் இல்லையாம். கோயில்காரர்களிடம் சொல்லிவிடுகிறேன், வேறு யாரையாவது வைத்துக்கொள்ளட்டும், வாத்தியம் இல்லாமல் நான் போய் நடுவில் உட்கார்ந்தால் கேலியாகிவிடும் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மண்டிக்காரர் சொன்னதை இவரே நம்புகிறார் என்று அப்போதுதான் புரிந்தது. இந்தத் தடவை போகவில்லையென்றால் இனி எந்தக் கமிட்டியும் கூப்பிடாது. அது அவருக்கும் தெரியும்.

வாசற்படி நாற்காலியிலிருந்து பெரிய சார் எழுந்து வந்தார். ஒரு வாரம் பொறுத்துச் சொல்லலாம் என்றார். அதற்குள் ஒன்றைப் பார்த்துவிடுவோம். அப்பா வயலினையும் பள்ளிக்கூட வயலினையும் கண்ணைக் கட்டிக்கொண்டு வாசித்தால் எது எது என்று தெரியுமா என்று கேட்டார். செண்பகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "தூக்கத்துல குடுத்தாலும் சொல்லுவேன் சார்" என்றார்.

சனிக்கிழமை வகுப்புகள் முடிந்து பிள்ளைகள் போன பிறகு கூடத்தின் கதவைச் சாத்தினோம். பெரிய சார் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். இரண்டு வயலினுக்கும் ஒரே வகைப் புதுத்தந்தி போடச் சொன்னார். ஒரே வில். ஒரே சுருதி. அதைச் சரிபார்க்கவே அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. என் துண்டை மடித்து நானே செண்பகத்தின் கண்ணைக் கட்டினேன். அவர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு வயலினை எடுத்துக் கையில் கொடுத்தேன். வில் தந்தியைத் தொடவே இல்லை. "இது அப்பாது" என்றார். அடுத்ததைக் கொடுத்தேன். "இது ஸ்கூலுது." மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் அதே கதை. ஒரு சுரம்கூட வாசிக்காமல் சொல்கிறார்.

இவ்வளவு நாள் கேலி பேசிய வாயைக் கழுவ வேண்டியதுதான் என்று நினைத்தபடி அப்பா வயலினை வாங்கி வைக்கக் குனிந்தேன். மூக்கில் ஏறியது சந்தன வாசனை.

"டீச்சர், மோந்து பாத்து சொல்றீங்களா?" என்றேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அன்றைக்கு நாங்கள் சிரித்த ஒரே இடம் அதுதான்.

பள்ளிப் பூஜையலமாரியில் சந்தனக்கட்டை இருந்தது. இழைத்து எடுத்துவந்து, பிள்ளைகளின் வயலினுக்கும் கழுத்தோரம் இரண்டு பக்கமும் அப்பினேன். காய்கிற வரை காத்திருந்தோம். அரசாங்கச் சொத்தை இப்படிப் பண்ணுகிறோமே என்று பெரிய சார் லேசாகக் கவலைப்பட்டார். மறுபடி கண்ணைக் கட்டிக் கொடுத்தேன். இந்தத் தடவை செண்பகம் தடுமாறினார். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், இறக்கினார். நான் உள்ளுக்குள் குதூகலித்தேன். பிறகு அவருடைய இடது கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் போய் ஓரிடத்தில் நின்றது. "இது அப்பாது சார். அவரு கட்டைவெரல் தேஞ்ச எடம் இருக்கு."

பெரிய சார் மெதுவாகச் சொன்னார். "மூக்குக்குத் தெரியுது. கைக்குத் தெரியுது. காதுக்குத் தெரியுதான்னு தானேம்மா கேட்டேன்." பிறகு, "காபி சாப்டீங்களா?" என்றார்.

செண்பகத்திடம் அவர் அதைக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. டீச்சர் துண்டை அவிழ்த்து வீசினார். முகம் சிவந்திருந்தது. கைக்கு எட்டியது பள்ளிக்கூட வயலின். அதை எடுத்து மார்பில் சாய்த்து, யாரையும் பார்க்காமல் காம்போதியை ஆரம்பித்தார். ஒத்திகைப் பழக்கத்தில் என் கை போனைத் தட்டிவிட்டது. அவர் முடித்ததும் பெரிய சார், அப்பா வயலினிலும் அதையே வாசிக்கச் சொன்னார். வாசித்தார். அதையும் பதிவு செய்தேன். வாசித்து முடித்ததும் டீச்சர் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

பஸ் விவகாரத்துக்கு முந்தைய ஒத்திகைப் பதிவும் என் போனில் இருந்தது. அதே கூடம், அதே போன், அதே காம்போதி. திங்கட்கிழமை அதை நினைவுபடுத்தியவர் பெரிய சார்தான். மூன்றையும் பள்ளி ஸ்பீக்கரில் போட்டோம். சூட்டில் பிரிவதற்கு முன்னால் அப்பா வயலின், பழுது பார்த்த பிறகு அப்பா வயலின், பள்ளிக்கூட வயலின். எந்த வரிசையில் வரும் என்பது எனக்கு மட்டும் தெரியும். செண்பகம் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

முதல் பதிவு முடிந்ததும், இது பழுது பார்த்த பிறகு வாசித்தது என்றார். "பாருங்க, மேல அடைக்குது." இரண்டாவதைக் கேட்டு, இது ஸ்கூல் வயலின், நாதமே இல்லை என்றார். மூன்றாவது ஆரம்பித்தது. அவருடைய மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. முடிந்ததும், "இதுதாங்க சார். இது அப்பா" என்றார்.

ஆமாம் டீச்சர் என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். பெரிய சார் என்னைப் பார்த்து, சொல்லுங்கள் என்றார். சொன்னேன். மேலே அடைக்கிறது என்று அவர் சொன்னதுதான் சூடு படுவதற்கு முந்தைய அப்பா வயலின். நாதமே இல்லை என்றது பழுது பார்த்த அப்பா வயலின். அவரை அழ வைத்தது, சந்தனம் அப்பிய பிள்ளைகள் வயலின். சனிக்கிழமை கோபத்தில் அவர் வாசித்தது.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அந்த நாதம் உங்களுடையது என்றுதானே நிரூபித்திருக்கிறோம். அவர் முகத்தைப் பார்த்ததும் என் மனசு விழுந்துவிட்டது.

"என்னத்த எடுத்துட்டீங்கன்னு தெரியுமா சார்?" என்றார். "அப்பா போனப்பறம் இந்த மரத்துக்குள்ளதான் இருக்காருன்னு நெனச்சிட்டிருந்தேன். தெனம் எடுத்து வாசிச்சா பேசுவாருன்னு. அதுவும் இல்லைங்கறீங்க. அப்ப அவரு எங்கயுமே இல்ல."

நான் பெரிய சாரைப் பார்த்தேன். எவ்வளவு பெரிய சபையிலும் தடுமாறாத மனுஷர் வேட்டி முனையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது, "காபி சாப்டீங்களா?" கண்டிக்கக் கேட்கவில்லை. அவருக்கு வேறு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. செண்பகம் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து விடுப்பு.

போன் செய்தால் எடுக்கவில்லை. கச்சேரி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பெரிய சாரும் பஸ் ஏறி அரியலூர் போனோம். வழி முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தோம். அவர் மன்னிப்புக் கேட்கப்போவதாகச் சொன்னார். எப்படிக் கேட்பார் என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது. தெருமுனையில் திரும்பியதும் நின்றுவிட்டோம். வீட்டுக்குள்ளிருந்து காம்போதி வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை கேட்டோமே, அதே கனம், கோபம் மட்டும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரிக்கிற வரை நின்று கேட்டோம். பெரிய சார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "போவோங்க. தொந்தரவு பண்ண வேணாம்" என்றார். எந்த வயலினில் வாசிக்கிறார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூட வயலின் பள்ளியில்தான் இருக்கிறது, அவர் வீட்டில் இருப்பது அப்பா வயலின் ஒன்றுதான் என்பதுகூட எங்களுக்குப் பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது.

கச்சேரியன்று மாலை நான் முதலில் போய் மேடையில் உட்கார்ந்து, மிருதங்கத்தின் இடந்தலைக்குக் கனம் கூட்ட ரவைப் பசை அப்பிக்கொண்டிருந்தேன். பெரிய சார் முன்வரிசையில் இருந்தார். ஒருவேளைக்கு ஆகட்டும் என்று பள்ளிக்கூட வயலினைத் தூக்கிக்கொண்டு வந்து நாற்காலிக்குக் கீழே வைத்திருந்தார். செண்பகம் வந்தார். பெட்டியைத் திறந்து எடுத்தது அப்பா வயலின்.

இதில் அப்பா இல்லை என்று சொன்ன அதே வயலின். மெதுவாகச் சாய்ந்து, பெரிய சார் புதுசைக் கொண்டுவந்திருக்கிறார், வேண்டுமா என்று கேட்டேன்.

"வேணாங்க சார்." தந்தியை முறுக்குகிற பிரடையைத் திருகிக்கொண்டே சொன்னார். "இது இல்லாம வாசிக்க முடியாதுன்னு எடுத்துட்டு வரல. எதுல வேணா வாசிப்பேன். அப்பா இத்தன வருஷம் ஓரமாவே உக்காந்தாரு. ஒரு தடவ நடுவுல உக்காரட்டும்னுதான்."

நான் குனிந்து இடந்தலையைத் தட்டிப் பார்த்தேன். பேசியிருந்தால் சுருதி போயிருக்கும்.

அன்றைய கச்சேரியை வர்ணிக்கப் போவதில்லை. காம்போதியில் அவர் மேல் ஸ்தாயிக்குப் போய் நின்றபோது எனக்கு எதுவும் அடைத்ததாகத் தெரியவில்லை. தனி ஆவர்த்தனத்தில் எனக்கு ஒரு இடம் பிசகியது. முன்வரிசையில் பெரிய சாரின் உதடு அசைந்தது. என்ன கேட்டிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

மங்களம் முடிந்து, சால்வை போட்டு, கூட்டம் எழுந்தது. மண்டிக்காரர் முதல் ஆளாக மேடையேறி வந்தார். உண்மையாகவே உருகிப்போயிருந்தார். கண் கலங்கியிருந்தது. கைகூப்பி, "என்னா நாதம்மா. உங்கப்பா வயலின் பேசிடுச்சு. அதாம்மா வாத்தியம்" என்றார்.

செண்பகத்தின் வலது கை பழக்கத்தில் வயலினை நோக்கி இறங்கியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பலகையைத் தொடப் போன விரல் அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தக் கையை எடுத்து, இன்னொரு கையோடு சேர்த்துக் கும்பிட்டார்.

"நான் வாசிச்சேங்க" என்றார்.

மண்டிக்காரர் விழித்தார். அவருக்குப் பின்னால், மூக்குக்கண்ணாடி எங்கே போயிற்று என்று தெரியாமல், பெரிய சார் தரையில் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் கையிலேயே இருந்தது.